வீட்டுக்காரர் ராத்திரி என்ன சாப்பிடுவார்?

திருப்பாதிரிப்புலியூரிலிருந்து ஒரு வாசகி எனக்குக் கடிதம் எழுதியிருந்தார். சில வருஷங்களுக்கு முன்பு நான் எழுதிய ஒரு நாவலைப் பற்றிய கடிதம். சென்னையில் வாடகை ஏறிக்கொண்டே போக, வீடு மாறி வீடு மாறிக் களைத்துப் போகும் ஒரு குடும்பத்தின் கதை அது. நாலு பேர் நன்றாக இருக்கிறது என்றார்கள், நானும் நம்பிவிட்டேன். இந்த அம்மாள் அப்படிச் சொல்லவில்லை.

"உங்கள் கதையில் வாடகைக்கு இருப்பவர்கள் ரசம் வைக்கிறார்கள், அப்பளம் சுடுகிறார்கள், குழந்தைக்குக் காய்ச்சல் என்றால் கஞ்சி போடுகிறார்கள். எல்லாம் நிஜம்போல இருக்கிறது. மாடியில் இருக்கிற வீட்டுக்காரர் மட்டும் மாதம் பிறந்தால் படியிறங்கி வருகிறார், பணத்தை வாங்கிக்கொண்டு ஏறிப் போகிறார். அவர் ராத்திரி என்ன சாப்பிடுவார் என்று உங்களுக்குத் தெரியுமா? நானும் ஒரு போர்ஷனை வாடகைக்கு விட்டுத்தான் ஜீவனம் செய்கிறேன். அதனால் கேட்கிறேன்."

ஒரு கார்டில் பதில் எழுதிப் போட்டுவிடலாம் என்றுதான் உட்கார்ந்தேன். முடியவில்லை. என் வீட்டுக்காரர் என்ன சாப்பிடுவார் என்று எனக்குத் தெரியாது. அவருக்கு வாயும் வயிறும் இருப்பதாக நான் நினைத்ததே இல்லை. கை மட்டும்தான் வைத்திருந்தேன். சரி, எனக்கு முன்னால் எழுதியவர்கள் என்ன செய்திருக்கிறார்கள் பார்ப்போம் என்று அலமாரியைத் திறந்தேன். இந்தக் கட்டுரை அப்படி வந்ததுதான்.

வாடகைக் குடியைப் பற்றி யோசிக்கிற தமிழ் வாசகன் முதலில் போய் நிற்க வேண்டிய இடம் அந்த அம்மாளின் ஊர்தான். புதுமைப்பித்தன் 1906-ல் திருப்பாதிரிப்புலியூரில் பிறந்தார். ஜெயகாந்தன் 1934-ல் மஞ்சக்குப்பத்தில் பிறந்தார். நடுவில் கெடிலம் ஆறு. இக்கரையில் ஒருவர், அக்கரையில் ஒருவர். முன்னவருக்குக் கடலூர் தகப்பனாரின் உத்தியோகத்தால் வாய்த்த ஊர், வேர் திருநெல்வேலியில். பின்னவர் பள்ளிக்கூடத்தைச் சிறு வயதிலேயே விட்டுவிட்டு ஊரைவிட்டுக் கிளம்பியவர். இரண்டு பேரும் போய்ச் சேர்ந்தது சென்னை. அந்தக் காலத்துக் கடலூர் வீடுகளில் திண்ணை உண்டு. வழிப்போக்கன் ராத்திரி படுத்துவிட்டு விடியற்காலை எழுந்து போனால் யாரும் காசு கேட்கமாட்டார்கள். அப்படிப்பட்ட மண்ணில் பிறந்தவர்கள், படுக்கிற இடத்துக்குக் காசு வைக்கிற ஊரைப் பற்றி எழுதினார்கள்.

புதுமைப்பித்தனின் 'ஒருநாள் கழிந்தது' 1937-ல் வந்த கதை. முருகதாசர் என்கிற எழுத்தாளர், இலக்கியம் சோறு போடாததால் விளம்பரம் எழுதிப் பிழைக்கிறார். மனைவி, ஒரு சின்னப் பெண், ஓர் ஒட்டுக் குடித்தனம். ஒட்டுக் குடித்தனம் என்ற ஏற்பாட்டைப் பற்றி ஆசிரியர் அங்கே ஒரு கேலி செய்கிறார். திருக்கழுக்குன்றத்துக் கழுகு உச்சிப்பொழுதுக்கு வந்து, கொடுத்ததைத் தின்றுவிட்டுப் பறந்துவிடுமே, குடியிருக்க வருகிறவர்களும் அந்த ஜாதி என்றே வீட்டுக்காரன் நினைக்கிறானோ என்னவோ என்று சந்தேகப்படுகிறார். அதாவது, குடியிருப்பவனுக்குக் குளிக்க வேண்டாம், சமைக்க வேண்டாம், பிள்ளை பெற வேண்டாம்! படிக்கும்போதெல்லாம் சிரிப்பு வருகிறது. சிரித்து முடித்த பிறகு இந்தத் தடவை ஒன்று கண்ணில் பட்டது. வீட்டுக்காரன் என்ன நினைக்கிறான் என்பது அங்கே ஓர் ஊகம்தான். ஆசிரியர் அவன் வாசலில் நின்று ஊகிக்கிறார், உள்ளே போகவில்லை. முருகதாசரின் வீட்டுக்குள்ளோ, விருந்தாளிக்குக் காப்பி கொடுப்பதில் இருக்கிற சங்கடம் வரைக்கும் தெரிகிறது.

1943-ல் வந்த 'கடவுளும் கந்தசாமிப் பிள்ளையும்' இன்னும் சூட்சுமமானது. பிராட்வே முனையில் அகப்பட்ட கடவுளைப் பிள்ளை திருவல்லிக்கேணி வீட்டுக்கு அழைத்துப் போகிறார். கடவுள் விருந்தாளிதான், ஆனால் அங்கே தங்கிப் பிழைப்பு நடத்திப் பார்க்கவும் ஆசைப்படுகிறார். அவருக்குத் தெரிந்த தொழில் கூத்து ஒன்றுதான். பிள்ளை அவரை நாட்டியக் கலைக்குப் போஷகரான ஒரு திவான் பகதூரிடம் கொண்டுபோய் நிறுத்துகிறார். தேவியும் கடவுளும் ஆடிக் காட்டுகிறார்கள், செல்லுபடியாகவில்லை. சிதம்பரத்தில் நாலு வீதியும் தேரும் பொன்னம்பலமும் அந்த ஆட்டக்காரருக்குச் சொந்தம். சென்னையில் ஒரு மேடை கிடைக்கவில்லை. கடைசியில் அவர் விடைபெறும்போது, உங்களுக்கெல்லாம் தூர நின்று வரம் கொடுக்கலாமே தவிரக் கூட இருந்து வாழ முடியாது என்கிற பொருளில் ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போகிறார். பிள்ளை, வைத்தியப் பத்திரிகையின் கணக்கில் ஜீவிய சந்தா இருபத்தைந்து ரூபாயை வரவு வைத்துக்கொள்கிறார்.

பக்தியைப் பற்றிய கதை என்று இதைச் சொல்லுவார்கள். பக்தியைக் கிண்டல் செய்யும் கதை என்றும் சொல்லுவார்கள். இருக்கட்டும். எனக்கு இப்போது இது வேறு மாதிரிப் படுகிறது. ஒரே கூரைக்குக் கீழே மேலே ஒருவர், கீழே ஒருவர். மேலே இருப்பவர் எட்டி நின்றால் மரியாதை, கூட இருந்தால் சண்டை. வீட்டுக்காரருக்கும் குடித்தனக்காரருக்கும் உள்ள சம்பந்தம் இதைத் தவிர என்ன? புதுமைப்பித்தன் கடவுளின் பக்கத்திலிருந்து கூட ஒரு வார்த்தை சொல்ல இடம் கொடுத்துவிட்டார். வீட்டுக்காரனுக்கு அந்த இடம் கிடைக்கவில்லை.

ஜெயகாந்தனிடம் வருகிறேன். இங்கே கொஞ்ச நேரம் நிற்க வேண்டும். 'அக்கினிப் பிரவேசம்' 1966-ல் ஆனந்த விகடனில் வந்தபோது எழுந்த சச்சரவு எல்லோருக்கும் தெரியும். மழையில் பஸ்ஸுக்கு நின்ற ஒரு கல்லூரிப் பெண்ணை முன்பின் தெரியாத ஒருவன் காரில் ஏற்றிக்கொண்டு போகிறான். அவள் வீட்டுக்கு வந்து தாயிடம் அழுது சொல்கிறாள். தாய் முதலில் அலறுகிறாள், அடிக்கிறாள். பிறகு, பெண்ணின் தலையில் தண்ணீரைக் கொட்டி, நீ சுத்தமாகிவிட்டாய் என்கிறாள். சண்டை போட்டவர்கள் எல்லாரும் அந்தத் தண்ணீரைப் பற்றியே போட்டார்கள். கற்பு என்றார்கள், சாஸ்திரம் என்றார்கள், புரட்சி என்றார்கள். அலறலுக்கும் தண்ணீருக்கும் நடுவில் நடக்கிற ஒரு சின்ன காரியத்தைப் பற்றி அவ்வளவாகப் பேச்சில்லை.

அந்தத் தாயின் சத்தத்தைக் கேட்டு அக்கம்பக்கத்துக் குடித்தனத்திலிருந்து, என்ன விஷயம் என்று விசாரிக்கிறார்கள். தாய் சட்டென்று தன்னைச் சமாளித்துக்கொண்டு, பெண் மழையில் நனைந்து வந்ததற்காகத் திட்டுகிறவள்போல் பேசி அனுப்பிவிடுகிறாள். எனக்கு அந்தக் கதையின் உயிர் அங்கேதான் இருக்கிறது. அந்தத் தாய் பெரிய தத்துவம் படித்தவள் அல்ல. சுவருக்கு அந்தப் பக்கம் காது இருக்கிறது என்று தெரிந்தவள். பொய் சொல்ல வேண்டி வந்த அந்த ஒரு நிமிஷத்தில்தான் அவளுடைய ஆவேசம் அடங்குகிறது, புத்தி வேலை செய்கிறது. தனி வீடாக இருந்திருந்தால் அவள் அலறி முடித்திருப்பாள். ஒண்டுக் குடித்தனம் அவளை அலறவிடவில்லை, யோசிக்க வைத்தது.

இது என் கற்பனை என்று வாசகர்கள் நினைத்தால், அதே ஆசிரியர் எழுதிய 'சில நேரங்களில் சில மனிதர்கள்' இருக்கிறது, பாருங்கள். 1972-ல் சாகித்ய அகாதெமி பரிசு பெற்ற நாவல். அந்தத் தாய் அவ்வளவு விவேகமாக நடந்துகொள்ளாமல் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்ற கேள்விதான் அதன் அஸ்திவாரம். தாயின் ஓலம் வெளியே போய்விடுகிறது. அண்ணன் அவளை வீட்டைவிட்டுத் துரத்துகிறான். கங்காவின் வாழ்க்கை முழுவதும், படிப்பு, உத்தியோகம், அந்தக் கசப்பு, எல்லாம் ஒரு சத்தம் வெளியே போனதால் வந்தவை. ஒரு கதைக்கும் ஒரு நாவலுக்கும் நடுவில் இருக்கிற வித்தியாசம் ஒரு மெல்லிய சுவர்தான் என்று சொன்னால் அது மிகையாகாது. ஜெயகாந்தன் வாடகையைப் பற்றி அங்கே பேசவில்லை. ஆனால் அதிக வாடகை கொடுக்க முடியாதவர்கள் வாய்விட்டு அழவும் முடியாது என்பதை அவர் காட்டிய மாதிரி வேறு யாரும் காட்டியதில்லை.

இப்படி, வாடகை என்றால் நம் ஆசிரியர்களுக்கு ரூபாய் அணா பைசா ஞாபகத்துக்கு வருவதில்லை. மானம் ஞாபகத்துக்கு வருகிறது. பால்சாக் வேறு ரகம். 1835-ல் அவர் எழுதிய 'கோரியோ தாத்தா' நாவலில் பாரிஸ் நகரத்து உணவு விடுதி ஒன்று வருகிறது. பணத்தோடு வந்த கிழவர் கோரியோ, வருஷத்துக்கு 1,200 பிராங்க் கொடுத்து நல்ல மாடியில் இருக்கிறார். பெண்கள் அவரைக் கறக்கக் கறக்க, 900 பிராங்க் அறைக்கு ஏறுகிறார்; பிறகு மாதம் 45 பிராங்க் கொடுத்து இன்னும் உயரத்துக்கு ஏறுகிறார். மாடி ஏற ஏற மனிதன் இறங்குகிறான். வீட்டுக்காரி வோக்கேர் அம்மாளும் உயிரோடு இருக்கிறாள். அவளுக்குக் கோரியோவைக் கல்யாணம் செய்துகொள்ளும் ஆசைகூட ஒரு காலத்தில் இருந்தது! அவளுடைய பேராசை, அவளுடைய பூனை, அவளுடைய சமையற்கட்டுச் சிக்கனம் எல்லாம் நமக்குத் தெரியும். டாஸ்டாயெவ்ஸ்கியின் 'குற்றமும் தண்டனையும்' நாவலில் ரஸ்கோல்னிகோவ் வாடகை பாக்கிக்காக வீட்டுக்காரியின் கண்ணில் படாமல் படியிறங்குவதில்தான் கதையே ஆரம்பம். கடன்காரனின் முதுகுத்தண்டு எப்படிக் குறுகும் என்பது அந்த ஒரு படியிறக்கத்தில் இருக்கிறது.

நம்மிடம் மாடிப்படி இல்லாமல் இல்லை. பாலசந்தரின் 'எதிர்நீச்சல்', நாடகமாக இருந்து 1968-ல் சினிமாவாக வந்தது. பல குடித்தனங்கள் உள்ள வீட்டில் மாடிப்படிக்குக் கீழே ஒண்டிக்கொண்டு, எல்லார் வீட்டு வேலையையும் செய்து, கிடைத்ததைச் சாப்பிட்டுக் காலேஜுக்குப் போகிற மாதுவை நாகேஷ் நம் கண்ணிலேயே நிறுத்திவிட்டார். திண்ணை போன இடத்தில் படிக்கட்டு வந்தது என்று வைத்துக்கொள்ளலாம். பிறகு அசோகமித்திரனின் 'தண்ணீர்'. குழாய் வற்றிப்போன சென்னையில் குடத்தைத் தூக்கிக்கொண்டு தெருத்தெருவாக அலையும் ஜமுனாவை விடத் தத்ரூபமான குடித்தனக்காரி நம் நாவல்களில் இல்லை என்பது என் அபிப்பிராயம். ஒரு வீட்டைப் பற்றிய எல்லாச் சண்டையும் கடைசியில் தண்ணீர்ச் சண்டைதான் என்பது அசோகமித்திரனுக்குத் தெரியும். சிதம்பரத்தில் வாழ்ந்து 1985-ல் அங்கேயே காலமான மௌனியை மட்டும் இந்த வரிசையில் என்னால் சேர்க்க முடியவில்லை. அவர் கதைகளில் வாடகை கேட்டு யாரும் கதவைத் தட்டியதாக எனக்கு ஞாபகமில்லை. அவருடைய மனிதர்கள் குடியிருக்கிற இடம் வேறு.

ஸ்டோர் வீடுகள் இடிந்து அடுக்கு மாடிகள் எழுந்த பிறகு கதை மாறிவிட்டது. வீட்டுக்காரர் மாடியிலிருந்து இறங்கி வருவதில்லை. அவர் வேறு ஊரில் இருக்கிறார், அல்லது வேறு தேசத்தில். நடுவில் ஒரு தரகர். பத்து மாத வாடகையை அட்வான்ஸாகக் கேட்பது சென்னையில் ஒரு சம்பிரதாயமாகவே இருந்து வந்தது. சட்டமும் சும்மா இருக்கவில்லை. 1960-ம் வருஷத்து வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டத்தில், சொந்த உபயோகத்துக்கு வேண்டும் என்றால் காலி செய்யச் சொல்லலாம் என்று ஒரு வழி இருந்தது. எத்தனை வீட்டுக்காரர்களின் பிள்ளைகளுக்கு அந்தச் சட்டம் அவசரமாகக் கல்யாணம் செய்துவைத்தது! அதற்குப் பதிலாக 2017-ல் ஒரு புதுச் சட்டம் நிறைவேறி 2019-ல் அமலுக்கு வந்தது. எழுத்தில் ஒப்பந்தம் வேண்டும், அதைப் பதிய வேண்டும், ஒப்பந்தத்தில் வேறுவிதமாகச் சொல்லியிருந்தாலொழிய மூன்று மாத வாடகைக்கு மேல் முன்பணம் கேட்கக்கூடாது என்றெல்லாம் அதில் இருக்கிறது. அந்த 'வேறுவிதமாக' என்ற வார்த்தைக்குள் ஒரு லாரி போகலாம்.

இந்தப் புதிய காலத்தை எழுத்தாளர்களைவிடச் சினிமாக்காரர்கள் நன்றாகப் பார்த்திருக்கிறார்கள் என்று ஒப்புக்கொள்ள எனக்கு வெட்கமாகத்தான் இருக்கிறது. பாலு மகேந்திராவின் 'வீடு' 1988-ல் வந்தது. இருக்கிற வாடகை வீட்டைக் காலி செய்யச் சொல்லிவிட்டதால், சுதா என்கிற உத்தியோகப் பெண் வேறு வழியில்லாமல் தாத்தாவின் மனையில் சொந்தமாக ஒன்று கட்டப் புறப்படுகிறாள். கடன், ஒப்பந்தக்காரனின் திருட்டு, கடைசியில் நிலமே சர்க்காருக்குப் போய்விட்டது என்ற சேதி. பாதி எழும்பிய அந்தச் சுவர்களைத் தாத்தா தனியாக வந்து தடவிப் பார்க்கும் காட்சிக்கு ஈடாக நான் ஒரு பக்கம் எழுதியிருந்தால் என் ஜன்மம் சாபல்யமாகியிருக்கும். செழியனின் 'டு லெட்' 2017-ம் வருஷத்துக்கான தேசியப் பரிசு பெற்று 2019-ல் திரைக்கு வந்தது; கதை நடப்பது 2007-ல். கம்ப்யூட்டர் கம்பெனிகள் வந்து, அதிக வாடகை கொடுக்கத் தயாராக ஒரு கூட்டம் வந்துவிட, சினிமாவில் பிழைக்கும் ஓர் உதவி இயக்குநர் மனைவியோடும் குழந்தையோடும் வீடு தேடி அலைகிறார். என்ன வேலை, என்ன சாப்பாடு, என்ன ஜாதி என்று வாசலுக்கு வாசல் ஒரு பரீட்சை.

இந்தப் படத்தையும் அந்த அம்மாளின் கேள்வியோடு மறுபடி பார்த்தேன். வீட்டுக்காரி வருகிறாள், கடுகடுவென்று பேசுகிறாள், போகிறாள். அவள் பேச்சு அத்தனையும் நிஜம். ஆனால் கதவு சாத்தின பிறகு அவள் என்ன செய்கிறாள்? செழியனும் மாடி ஏறவில்லை. இதைக் குறையாகச் சொல்லவில்லை. குடித்தனக்காரனின் கண்ணால் பார்ப்பது என்று தீர்மானித்துக்கொண்ட படத்துக்கு அது தர்மம். ஒருவர் செய்தால் தர்மம். எல்லாரும் சேர்ந்து எண்பது வருஷமாக அதையே செய்தால்? காரணம் கண்டுபிடிக்கக் கஷ்டப்பட வேண்டியதில்லை. எழுதினவர்கள் பெரும்பாலும் வாடகைக்கு இருந்தவர்கள். அவர்களுக்கு அடி விழுந்த பக்கத்தை அவர்கள் எழுதினார்கள். ஆனால் இன்றைக்கு என் மாதிரி எழுதுகிறவர்களில் பலர் ஓர் ஊரில் குடித்தனக்காரர், இன்னோர் ஊரில் வீட்டுக்காரர். அதைச் சொல்லாமல் முருகதாசரின் வேஷத்திலேயே இன்னும் நடமாடிக்கொண்டிருக்கிறோம்.

என் கதையைச் சொல்கிறேன். சிதம்பரத்தில் வடக்கு வீதியிலிருந்து பிரிகிற ஒரு சந்தில் என் அத்தையின் வீடு. மாமா சீக்கிரம் போய்விட்டார், பிள்ளை இல்லை, பென்ஷன் இல்லை. முன்கட்டை ஒரு குடும்பத்துக்கும், மாடி அறையை அண்ணாமலை சர்வகலாசாலையில் படிக்கிற பையன்களுக்கும் விட்டிருந்தாள். அவள் இருந்தது பின்கட்டில், ஓர் அறையும் அடுப்பங்கரையும். நாற்பது பக்க நோட்டு ஒன்றில் கணக்கு. பெயரெல்லாம் எழுதமாட்டாள். 'முன்கட்டு 600. மாடிப் பையன் 250, பாக்கி 100. பையன் ஊருக்குப் போனான், வரலை' என்று இருக்கும். ஆனித் திருமஞ்சனத்துக்கும் மார்கழி தரிசனத்துக்கும் வெளியூர் ஜனங்கள் திண்ணையில் வந்து படுப்பார்கள். அதற்குக் காசு வாங்கமாட்டாள். "திண்ணை கட்டினவரு வாடகைக்கா கட்டினாரு?" என்பாள்.

வாடகையை உயர்த்த வேண்டும் என்று ஒவ்வொரு தை மாதமும் தீர்மானம் செய்வாள். கேட்க வாய் வராது. அதனால் தண்ணீரைப் பற்றிப் பேச ஆரம்பிப்பாள். விடுமுறைக்குப் போயிருந்தபோது நான் ஒரு தடவை பக்கத்திலேயே இருந்தேன்.

"குழாயை இப்படித் தொறந்து விட்டா கெணறா வச்சிருக்கேன்? மூணு குடத்துக்கு மேல ஒரு வீட்டுக்கு எதுக்கு?"

முன்கட்டுக்காரரின் மனைவி ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு வந்து நின்றாள். "பெரியம்மா, நேராச் சொல்லிடுங்க. எவ்வளவு கூட்டணும்?"

"நான் வாடகையைப் பத்திப் பேசவே இல்லியே. தண்ணியைப் பத்தித்தானே பேசுறேன்."

"அம்பது ரூபா கூட்டித் தரேன், பெரியம்மா. தண்ணியை விட்டுடுங்க."

அத்தை அன்றைக்கு முழுவதும் யாரோடும் பேசவில்லை. சாயங்காலம் முன்கட்டுக்குக் கொஞ்சம் கீரை பறித்துக் கொடுத்தனுப்பினாள். கீரை என் கையில்தான் போயிற்று. அந்த வயதில் அத்தை மேல் எனக்குக் கோபம். கஞ்சத்தனத்தை மறைக்கத் தண்ணீரைச் சொல்கிறாள் என்று நினைத்தேன். என் நாவலில் படியிறங்கி வருகிறாரே ஒரு வீட்டுக்காரர், குழாயைப் பற்றியே கத்திக்கொண்டிருப்பாரே, அவர் அத்தைதான். ஆண் வேஷம் போட்டு, மீசை வைத்து, கீரையை மட்டும் எடுத்துவிட்டேன்.

அத்தை காலமான பிறகு அந்த வீடு எனக்கு வந்தது. நான் சென்னையில் அடுக்கு மாடி ஒன்றில் வாடகைக்கு இருக்கிறேன். மூன்று வருஷத்துக்கு முன்பு ஒரு நாள் தரகர் டெலிபோனில் கூப்பிட்டு, அடுத்த மாதத்திலிருந்து மூவாயிரம் ஜாஸ்தி என்றார். அந்தப் பகுதியில் எல்லாரும் ஏற்றிவிட்டார்களாம். வீட்டுக்காரரோடு பேசலாமா என்றேன். அவருக்கு அங்கே ராத்திரி, தூங்குவார் என்றார். இரண்டு நாள் கணக்குப் போட்டுப் பார்த்தேன். மூன்றாம் நாள் சிதம்பரத்துக்கு டெலிபோன் செய்து, முன்கட்டில் இருந்த மனிதரிடம் ஆயிரம் ரூபாய் கூடுதலாக வேண்டும் என்று சொன்னேன். அத்தையின் காலத்திலிருந்து இருப்பவர்; வேலையிலிருந்து ஓய்வு பெற்றுவிட்டார். சுற்றிவளைக்காமல், கூச்சமில்லாமல், என் தரகர் பேசியதைப் போலவே பேசினேன். அந்தப் பகுதியில் எல்லாரும் ஏற்றிவிட்டார்கள் என்றுகூடச் சொன்னேன். அது எனக்குத் தெரியாத விஷயம்.

அவர் கொஞ்ச நேரம் ஒன்றும் சொல்லவில்லை. பிறகு, "சரிங்க தம்பி. உங்க அத்தை இருந்தாங்கன்னா முதல்ல தண்ணியைப் பத்திப் பேசுவாங்க" என்றார்.

இரண்டு மாதம் கேட்டதைக் கொடுத்தார். மூன்றாவது மாதம் ஊருக்கு வெளியே சின்னதாக ஒரு வீடு பார்த்துக்கொண்டு போய்விட்டார். சாவியை எதிர் வீட்டில் கொடுத்திருந்தார். நான் போய்த் திறந்தபோது வீடு பெருக்கித் துடைத்திருந்தது. கதவோரத்தில் அவருடைய பிள்ளைகளின் உயரத்தைப் பென்சிலால் கோடு போட்டு வைத்திருந்தார்கள். அதை மட்டும் அழிக்கவில்லை. வீடு ஐந்து மாதம் பூட்டிக் கிடந்தது. பிறகு ஒருவர் வந்தார், பழைய வாடகைக்கு.

இதில் யார் வில்லன்? என் நாவலின் கணக்குப்படி நான்தான். ஆனால் அந்த நாவலில் வரும் வில்லனைப் போல நான் அன்றைக்கு ஒன்றும் சிரிக்கவில்லை, மீசையைத் தடவவில்லை. குழந்தையின் பள்ளிக்கூடச் சம்பளத்தை நோட்டில் கூட்டிக்கொண்டிருந்தேன். என் சென்னை வீட்டுக்காரரும், தூர தேசத்தில் யாருக்கோ வாடகை கொடுத்துக்கொண்டு, அங்கே ஏற்றினார்கள் என்று இங்கே ஏற்றியிருக்கலாம். தெரியாது. தெரியாத இடத்தில் ஒரு கெட்டவனை உட்கார வைப்பது கதை எழுதுகிறவனுக்குச் சுலபம். மாடி ஏறிக் கதவைத் தட்டிப் பார்ப்பதுதான் அவனுடைய வேலை. அதை நான் செய்யவில்லை. வீட்டுக்காரன் நல்லவன் என்று எழுத வேண்டும் என்பதில்லை. வோக்கேர் அம்மாள் நல்லவளா என்ன? அடுப்பங்கரை உள்ளவன் என்று எழுதினால் போதும்.

திருப்பாதிரிப்புலியூர் அம்மாளுக்கு நேற்று பதில் எழுதிப் போட்டேன். என் அத்தை ராத்திரியில் மத்தியானச் சோற்றில் தண்ணீர் ஊற்றி வைத்ததைப் பிழிந்து, உப்புப் போட்டு, ஒரு சுண்ட வற்றலைச் சுட்டுக் கடித்துக்கொண்டு சாப்பிடுவாள். முன்கட்டில் அப்பளம் பொரிக்கிற வாசனை வரும். நான் போயிருக்கிற நாட்களில் மட்டும் எனக்காக ஒரு குழம்பு வைப்பாள். விளக்கை அணைத்துவிட்டுச் சாப்பிடுவாள், மின்சாரக் கணக்கு ஒரே மீட்டரில் ஓடுகிறது என்று.

இதை எழுதிவிட்டு, மன்னிக்க வேண்டும், இது எனக்கு எப்போதும் தெரிந்துதான் இருந்தது என்றும் எழுதினேன்.